உதடு படாமல்

மின்சார ரயிலில், மூச்சு விட இடமில்லாத லேடீஸ் டப்பாவில், ஒரு கையால் மேலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தண்ணீர் பாட்டிலை முகத்துக்கு மேலே தூக்கிக் கவிழ்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் குடிப்பார். நான் சயானில் ஏறுவேன், அவர் அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் ஏறுவார். தாதர் வருவதற்குள் அவருக்குத் தாகம் எடுத்துவிடும். வண்டி குலுங்கும். பக்கத்தில் நிற்கிற மராட்டிக்காரி தன் புடவையைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கப் பார்ப்பாள், அந்தக் கூட்டத்தில் ஒதுங்க இடம் ஏது? ஆனால் யார் புடவையும் நனைந்து நான் பார்த்ததில்லை. முதலில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பம்பாயில் கோட்டைப் பக்கம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் சீனியர். நான் தாராவியிலிருந்து புதிதாகப் போய்ச் சேர்ந்தவள். ஆபீஸில் அவர் எனக்கு மேடம், ரிட்டயர் ஆன பிறகு மாமி. பாலக்காட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற குடும்பம். என் வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். அப்பா தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவர்.

எதிலும் உதடு படக் கூடாது. அதுதான் மாமி. காபி, மோர், இருமல் மருந்து எல்லாம் மேலிருந்துதான் இறங்கும். பம்பாய் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. கேக் வெட்டினால் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிட வேண்டும், ஒரே துண்டு வரிசையாகப் பல வாய்க்குப் போகும். மாமி ரிட்டயர் ஆன அன்று மேனேஜர் கேக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வாயை நோக்கி வந்தார். மாமி சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டி வாங்கி, அதை வாய்க்குள் எறிந்துகொண்டார். கிரீம் கேக்கையும் குறி தப்பாமல் எறிய முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் மட்டும் விரலில் ஒட்டிய கிரீமை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

என் அப்பா இறந்தபோது மாமி தாராவிக்கு வந்தார். அப்பா குடித்தே செத்தவர். அந்தச் சந்துக்குள் தேடிப்பிடித்து மாமி வந்தது எங்களுக்குப் பெரிய விஷயம். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், மாமி தூக்கிக் குடித்தார். அவர் போன பிறகு அம்மா அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அவுக நம்ம வீட்டுப் பாத்திரத்துல வாய வைப்பாகளாட்டி?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மறு வாரம் வேண்டுமென்றே மாமி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு எந்த டம்ளரில் காபி வருகிறது, குடித்த டம்ளர் எங்கே போகிறது என்று போலீஸ்காரி மாதிரி பார்த்தேன். ஒரே மாதிரி டம்ளர், ஒரே தொட்டி. தன் வீட்டுக் காபியைத் தன் சொந்த டம்ளரிலும் அவர் தூக்கித்தான் குடித்தார். அதற்கப்புறம் கோபம் குறைந்தது. முழுக்கத் தீர்ந்ததா என்றால், இல்லை. இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்ததோ அங்கே என்னைப் போன்றவர்களைத் தள்ளி வைக்கிற எண்ணமும் இருந்திருக்கும் அல்லவா?

ஆனால் இதில் பெரிய அடி வாங்கியது நான் இல்லை, அவருடைய மகள். ஒரே பெண். சின்ன வயதில் அவள் கடித்துவிட்டு நீட்டிய பிஸ்கட்டை மாமி வாங்கித் தின்றதில்லை. முத்தம் கொடுத்ததில்லை. “உச்சிய மோந்து பாப்பேன்டி, போறாதா?” என்பார் என்னிடம். குழந்தை தூங்கும்போது குனிந்து தலையை மோந்துகொள்வாராம். தூங்குகிற குழந்தைக்கு அது எப்படித் தெரியும்?

மாமா போய்ச் சேர்ந்த மறு வருஷம் அந்தப் பெண் கெமிஸ்ட்ரி படிப்பை முடித்துவிட்டு ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்து, முகத்தோடு முகம் வைக்க வந்திருக்கிறாள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உனக்கு நான்கூட எச்சில்தானேம்மா” என்று சொல்லிவிட்டு, டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதை மாமி ஒருநாள் ரயிலில், பைகுல்லாவில் சிக்னலுக்காக வண்டி நின்றிருந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்ததும் பாட்டிலை எடுத்து, வழக்கம்போலத் தண்ணீர் குடித்தார்.

பெண் அங்கே ஏதோ ஒரு தீவில், விஸ்கி காய்ச்சுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பீப்பாய் பீப்பாயாக மோந்து பார்க்கிற வேலை. “மோந்து பாக்கறதுக்கு சம்பளம் தரா, கேட்டயோ?” என்று மாமி ஆச்சரியப்படுவார். மாட்டுங்காவில் யாராவது விசாரித்தால் “லேபரட்டரில இருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். சனிக்கிழமை மத்தியானம் அவள் போன் செய்வாள், நான் அங்கே இருந்தால் மாமி ஸ்பீக்கரில் போடுவார். பெரும்பாலும் சாப்பிட்டாயா, மழையா, உடம்பு எப்படி, அவ்வளவுதான். ஒருமுறை மட்டும், என்ன தோன்றியதோ, தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அந்த ஊர்ச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம், அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். அதனால் விஸ்கியே புகை வாசனை அடிக்குமாம். “மண்ணையா எரிப்பா?” என்று மாமி கேட்டார். எனக்கு வறட்டி ஞாபகம் வந்தது. போனில் அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் மாமி, “சிரிச்சாடி, பாத்தியோ?” என்று என்னிடம் இரண்டு மூன்று முறை கேட்டார்.

அப்புறம் அந்த விஸ்கி ஒரு பாட்டில் வந்தது. பம்பாய் வந்த அவள் ஆபீஸ்காரர் ஒருவர் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த போனில் அவள், “குளிர்காலத்துல கம்பெனி வேலையா பாம்பே வரேன்மா. ஒரு நாள் சாயங்காலம் ஆத்துக்கு வருவேன். என்னோட உக்காந்து ஒரு கிளாஸ் குடிக்கணும் நீ” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மாமி உடனே “சரிடி” என்றுவிட்டார்.

“என்ன மாமி சொல்லுதிய? குடிக்கப் போறியளா?” என்றேன் நான், போனை வைத்ததும்.

“அவ பண்றத அவ எதிர்க்க உக்காந்து வாய வெச்சுக் குடிக்கணும்டி. அன்னிக்கு ஏர்போர்ட்ல அவ சொன்னாளோல்லியோ, அதுக்கு எங்கிட்ட வேற பதில் இல்லை. நீ கூட இரு, போறும்.”

எங்கள் வீட்டில் சாராயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வாசனை வந்தாலே தம்பியை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடியவள் நான். ஆனாலும் சரி என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மகாராஷ்டிராவில் குடிக்க பெர்மிட் வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் கேட்டு வாங்கிய பெர்மிட்டோடு குடித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். உடல்நலத்துக்காக என்று அதில் போட்டிருந்ததில் அவருக்குப் பரம திருப்தி. “மருந்துன்னு கவர்மெண்டே சொல்றது” என்றார். பாட்டிலுக்குச் சமையலறையில் இடமில்லை, பூஜை அலமாரி இருக்கிற கூடத்திலும் கூடாது. செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்தது. விளக்கு வைத்த பிறகு தொடக் கூடாது என்பதால் குடிக்கப் பழகுகிற பாடம் சனிக்கிழமை மத்தியானம், பில்டிங்கே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். ஏகாதசி, அமாவாசை, மாமாவின் திதி வந்தால் லீவு.

யூடியூபில் ஒரு தாடிக்காரர் வாத்தியார். கிளாஸ் அடியில் அகலமாகவும் வாய்ப் பக்கம் குறுகியும் இருக்க வேண்டும் என்றார், தாதரில் அலைந்து வாங்கி வந்தோம். மூக்கை உள்ளே விடு, வாயை லேசாகத் திற, மெதுவாக மோந்து பார் என்றார். இதில் மாமி முதல் வகுப்பு. “அணைஞ்ச ஹோமகுண்டம்டி. அப்புறம் டிங்சர். அடிப்பிடிச்ச பால் கொஞ்சம்.” நான் மோந்துவிட்டு, “எனக்குக் கருவாடு சுட்ட மாரி இருக்கு மாமி” என்றேன். “சீ, போடி!” என்றார், ஆனால் மறுபடி மோந்து பார்த்து, “கடல் இருக்கு, நீ சொல்றது சரியாக்கும்” என்று ஒப்புக்கொண்டார். கருவாட்டை அவர் வாழ்க்கையில் எப்போது மோந்தார் என்று நான் கேட்கவில்லை.

மோப்பம் வரை எல்லாம் பிரமாதம். குடிக்க எடுத்ததும் கை மேலே போய்விட்டது. குறுகின வாயுள்ள கிளாஸைத் தூக்கிக் கவிழ்த்தால் என்ன ஆகும்? பாதி மூக்கில் ஏறிற்று. கண்ணெல்லாம் நீர் வழிய, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அவர் இருமிய இருமலில் பக்கத்து ஃபிளாட்காரி கதவைத் தட்டினாள். “மிளகாய் வறுத்தோம்” என்று சொல்லி அனுப்பினேன்.

“தூக்காதிய மாமி. வாய வச்சிக் குடிங்க.”

“தெரியறதுடி. கை கேக்க மாட்டேங்கறது.”

காபி டம்ளரில் ஊற்றித் தூக்கிப் பார்த்தார். அது நாக்கைத் தொடாமல் நேரே தொண்டைக்குள் போய், நெருப்பாக இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஏப்பத்தில் புகையாகத் திரும்பி வந்தது. தாடிக்காரரோ, முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு, அடுத்த வாய்தான் குடிப்பதற்கு, அதையும் வாய்க்குள்ளே நிறுத்தி உருட்டு என்கிறார். நாக்கில் படாமலே விழுங்குகிற மனுஷிக்கு அதில் என்ன தெரியும்? வெறும் எரிச்சல்தான் தெரிந்தது. பல சனிக்கிழமைகள் இப்படியே போயின. கடைசியில் ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிளாஸின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்தார். ஒரு துளி போயிருக்கும். உதட்டைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துவிட்டு, உடனே எழுந்து போய் வாய் கொப்பளித்தார். ருசி எப்படி என்று கேட்டேன். “கண்றாவி” என்றார். ஆனால் அதற்குப் பிறகு தன் கிளாஸில் வாய் வைக்கப் பழகிவிட்டார். பிடிக்கத்தான் இல்லை. “பிடிக்கணும்னு யார் கேட்டா? உக்காந்து குடிச்சாப் போறும்” என்பார்.

பெண் வந்தாள். கீழே வண்டியை நிற்க வைத்துவிட்டு, ஹோட்டலில் ஏதோ மீட்டிங்குக்கும் விருந்துக்கும் நடுவில், விளக்கு வைப்பதற்குள் வந்தாள். என்னையும் மாமி இருக்கச் சொல்லியிருந்தார். நான் பஜ்ஜி போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். மேஜையில் இரண்டு கிளாஸைப் பார்த்ததும் அவள், “நிஜமாவா?” என்றாள். ஊற்றினாள். மாமி மோந்தார், தாடிக்காரர் சொன்னபடி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார், கிளாஸை உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தார். அந்தப் பெண் முகம் போன போக்கை நான் பார்த்தேன். விஸ்கி பற்றிய ஆச்சரியம் இல்லை அது. அவள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சந்தோஷத்தில் அவள் சின்னப் பிள்ளையாகிவிட்டாள். பையைக் கிளறி ஒரு சிறு குப்பியை எடுத்தாள். “அம்மா, இது நான் தனியா எடுத்து வெச்ச பீப்பாய். வெளில யாருக்கும் இன்னும் குடுக்கலை. துளியூண்டுதான் இருக்கு.” எல்லாவற்றையும் தன் கிளாஸில் ஊற்றினாள், ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடிச் சிரித்தாள். மூடிய கண்ணோடே கிளாஸை அம்மாவிடம் நீட்டினாள். “குடிச்சுப் பாரேன்.”

மாமி வாங்கினார். மோந்தார். அவருக்கும் முகம் மலர்ந்துதான் இருந்தது. அப்புறம் அந்தக் கை மேலே போயிற்று.

கொஞ்சம் வாயில் விழுந்தது, மிச்சம் தாடையில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. பெண் கண்ணைத் திறந்தபோது கிளாஸ் இன்னும் அந்தரத்தில் இருந்தது. பிறகு அவள் எழுந்து, டிஷ்யூ எடுத்து அம்மாவின் தாடையைத் துடைத்துவிட்டாள், நர்ஸ் துடைக்கிற மாதிரி. “பரவால்லம்மா” என்றாள். “டிராஃபிக் ஜாஸ்தியா இருக்கும், கெளம்பறேன்.” பஜ்ஜி அப்படியே இருந்தது. எனக்கு மாமியின் அந்தக் கையைப் பிடித்து ஓங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது.

அவள் போன பிறகு மாமி அதே நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தூக்கலைடி. கை தானாத் தூக்கிடுத்து.”

நான் விட்டுவிடச் சொன்னேன். எத்தனையோ பேர் பெண்ணோடு ஒட்டாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அவர் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு கிளாஸ்தான் மேஜையில் இருந்தது. “நீ ஒரு வாய் குடிச்சுட்டு எங்கிட்டக் குடு” என்றார். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ரத்தம் கொதித்தது. மகளுடைய எச்சிலுக்குப் பழக என் எச்சில் தோதுப்படுகிறது! என் அம்மா சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றது மனசில் வந்தது. “எனக்கு அந்த நாத்தம் ஆவாதுன்னு தெரியும்லா மாமி?” என்று கத்தினேன். அவர் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வயசில் அப்படி ஒரு மனுஷி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அப்பாவைக் கொன்ற எழவை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினேன்.

கை மேலே போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. மழைக்காலம் வந்து ரயில் நின்று நான் நடந்து வந்த சனிக்கிழமையும் போயிற்று. பாட்டில் குறைந்துகொண்டே வந்தது, பெண்ணின் போனும் குறைந்துகொண்டே வந்தது. சில சனிக்கிழமை மெசேஜ் மட்டும் வரும். இப்போது அந்தக் கட்டடம் இடித்துக் கட்ட ரீடெவலப்மெண்டுக்குப் போய்விட்டது. மாமி கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், போன் செய்தால் எடுப்பதில்லை. அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது கடைசிச் சனிக்கிழமைகளில் ஒன்று.

அன்று நான் குடித்துவிட்டு நீட்டினேன். மாமி வாங்கினார், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கிளாஸ் ஏறப் பார்த்தது, அவர் விடவில்லை. நான் வாய் வைத்த அதே இடத்தில் உதட்டை வைத்தார். துடைக்கவில்லை. வாய்க்குள் நிறுத்தி, உருட்டி, மெல்ல விழுங்கினார். கொப்பளிக்க எழுந்திருக்கவும் இல்லை. அப்படியே இருந்தவர், “அடியே” என்றார். “புகைக்குப் பின்னாடி ஒரு தித்திப்பு இருக்குடி. பனங்கல்கண்டாட்டம். இத்தன நாள் எங்க இருந்தது இது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அந்த க்ஷணமே போனை எடுத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் எடுத்தாள். ஸ்பீக்கரில் பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

“புகைக்கு அடியில தித்திப்பா இருக்குடி. எனக்குத் தெரிஞ்சுது. இன்னொருத்தர் கிளாஸ்லேந்து குடிச்சேன், கேட்டயோ? தூக்கலை.”

“யாரோட கிளாஸ்மா? எதைச் சொல்றே?”

“விஸ்கிடி. நீ பண்றது.”

“அம்மா, நான் அந்த வேலைய விட்டாச்சே. அங்க மழை வரதுக்கு முன்னாடியே. இப்ப க்ளாஸ்கோல ஒரு சோப்புக் கம்பெனில இருக்கேன்.”

“சொல்லவே இல்லையேடி?”

“சொல்லணும்னு தோணலைம்மா. அந்தப் புகை வாசனை போறும்னு ஆயிடுத்து எனக்கு. இப்ப அதத் தொடறதே இல்லை.” யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “நன்னா இருந்தா நீ குடிம்மா. வெக்கட்டுமா?”

“சாப்ட்டியா?” என்று மாமி கேட்டார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

கிளாஸில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாமி அதை எடுத்து, இம்முறை மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளாமலே, உதட்டில் வைத்துக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நிஜமாவே நன்னா இருக்குடி. இத வெச்சுண்டு நான் இனி என்ன பண்ணட்டும்?”